ஐம்பதைத் தாண்டும் உடம்போடு சமாதானமாக இருப்பது எப்படி?

கண்டாங்கி, காரைக்குடி

கல்யாண வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டுவிட்டேன். காரணத்தை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். முகப்பில் செருப்பைக் கழற்றுவதற்குள் யாராவது ஒருவர் "என்ன, உடம்பு இப்படிப் போட்டுவிட்டது?" என்று கேட்டுவிடுகிறார். கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார். ஆனால் அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

வயது 52. மாதவிடாய் நின்று ஓராண்டுக்கு மேல் ஆகிறது. அதற்கு முன்பிருந்தே வயிறு முன்னால் வரத் தொடங்கிவிட்டது. சாப்பாடு கூடவில்லை, இரவில் இரண்டு இட்லிக்கு மேல் தொடுவதுமில்லை. நடுச்சாமத்தில் மார்பிலிருந்து ஒரு வெக்கை எழுந்து முகத்துக்கு ஏறுகிறது. ரவிக்கை நனைந்துவிடுகிறது, உடனே குளிரெடுக்கிறது. அதற்குப் பிறகு ஏது தூக்கம்? முடி மெலிந்துவிட்டது. எங்கள் பழைய வீட்டு மாடிப்படிகள் உயரமானவை. கைப்பிடியைப் பிடிக்காமல் இப்போது இறங்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு கணவருக்கு அறுபதாம் கல்யாணச் சாந்தி. பங்காளிகள், தாய மாமன் வீடு, சம்பந்திகள் என்று ஊரே கூடும். திருமணத்தில் பூட்டிய கழுத்துருவை, அந்தக் கனமான தங்கத் தாலியை, மறுபடி பூட்டிக்கொண்டு ஓமத்தின் முன்னால் உட்கார வேண்டும். சந்தோஷமாக எதிர்பார்க்க வேண்டிய நாளை நினைத்துப் பயப்படுகிறேன். மகள் ஜிம்மில் சேரச் சொல்கிறாள். நாத்தனார் காலையும் இரவும் கொள்ளுக் கஞ்சி மட்டும் குடிக்கச் சொல்கிறார். நான் இளைப்பதற்கு வழி கேட்கவில்லை. இந்த உடம்போடு தினமும் மல்லுக்கு நிற்காமல் வாழ்ந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

நடைப்பயணி, குன்றக்குடி

அக்கா, மனம் நோகாமல் எடுத்துக்கொள்ளுங்கள். சமாதானம் என்ற பேச்சே எனக்குப் பயமாக இருக்கிறது. என் அப்பாவும் "வயசானால் தொந்தி வரத்தான் செய்யும்" என்று சமாதானமாகத்தான் இருந்தார். சர்க்கரை இருப்பது தெரிந்தபோது காலில் புண் ஆறாத நிலை. கடைசியில் விரல்களை எடுத்தார்கள்.

நம் நாட்டு உடல்வாகுக்கு இடுப்புச் சுற்று ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் எச்சரிக்கை என்கிறார்கள். வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டி வரும். நான் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவன். வழியில் எழுபதைக் கடந்தவர்கள் என்னை முந்திப் போகிறார்கள். உடம்பை விட்டுக்கொடுக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, அந்தப் பெண் கேட்டது ஒன்று, நீங்கள் சொன்னது வேறொன்று. பட்டினி கிடந்தும் வயிறு வருகிறது என்கிறாள். தூக்கம் இல்லை என்கிறாள். அவளுக்கு முதலில் பதில் எச்சரிக்கையா?

ஆத்தா, எனக்கு 71 வயது. உன் பதிவைப் பேத்தி படித்துக் காட்டினாள், நான் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டெழுதுகிறாள். நம் பக்கத்தில் ஒரு பெண் வயதுக்கு வந்தால் என்ன செய்கிறோம்? மாமன் வீட்டுச் சீர் வருகிறது. உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெயை நடுவில் குழி செய்து ஊற்றி, "சாப்பிடு, இடுப்புக்குப் பலம்" என்று ஊட்டுகிறோம். பிள்ளை பெற்றால் காயமருந்து, பூண்டு, கருப்பட்டி. அதே பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கிறபோது? ஒன்றுமில்லை. ஒரு வாய் களி இல்லை, "இன்றைக்கு நீ படுத்துக்கொள், அடுப்படியை நான் பார்க்கிறேன்" என்று சொல்ல ஆளில்லை. வந்தபோது ஊரைக் கூட்டினோம், போகிறபோது அவளைத் தனியாக விட்டுவிட்டோம். இது நம் குடும்பங்களில் நடக்கும் அநியாயம். எனக்கு நாற்பத்தேழு வயதில் நின்றது. வீட்டில் மூன்று மருமகள்கள், ஒரு மாமியார், இத்தனை பெண்கள் இருந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை.

இன்னொன்று. என் அப்பத்தாள் ரவிக்கை போட்டதில்லை. கெட்டியான கண்டாங்கிச் சேலையைக் கணுக்கால் தெரிய, பின்கொசுவம் வைத்துக் கட்டுவார். பதினெட்டு வயதிலும் அதே சேலை, எண்பதிலும் அதே சேலை. உடம்பு மெலிந்தால் ஒரு சுற்றுக் கூடும், பெருத்தால் ஒரு கொசுவம் குறையும். "எனக்குப் பற்றவில்லை" என்று அவர் ஒருநாளும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

தேவகோட்டைச் செவிலி

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்டாங்கி, நீங்கள் சோம்பேறியாகிவிடவில்லை. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டதாகக் கொள்கிறோம். உலகப் பொதுவில் 45 முதல் 55 வயதுக்குள் நிற்கும். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கிப் பிறகு குறைந்துபோகும். அது குறையும்போது, முன்பு இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்குகிறது. சாப்பாட்டைக் கூட்டாமலேயே வயிறு வருவதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம் தசை. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. தசை குறைந்தால் உடம்பு எரிக்கும் சக்தியும் குறைகிறது. மாடிப்படியில் நீங்கள் கைப்பிடியைத் தேடுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஆகவே கொள்ளுக் கஞ்சி மட்டும் குடித்துக் கிடக்காதீர்கள். பட்டினியால் இறங்கும் எடையில் கொழுப்போடு தசையும் போகிறது. பிறகு சாப்பிடத் தொடங்கியதும் கொழுப்பு திரும்பி வந்துவிடும், தசை அவ்வளவு எளிதில் திரும்பாது. இரண்டு இட்லியோடு நிறுத்தும் உங்கள் இரவுச் சாப்பாட்டில் எனக்குத் தெரிந்து புரதம் மிகக் குறைவு. ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், மீன், தயிர், ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் வேண்டும். பள்ளத்தூர் ஆச்சி சொன்ன உளுந்துக்கு நான் ஓட்டுப் போடுகிறேன். உளுந்து மாவில் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிண்டும் கும்மாயமும் நல்லதுதான். சர்க்கரை இருப்பவர்கள் மட்டும் கருப்பட்டியையும் நெய்யையும் நினைத்துக் கை வைக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 கிடைக்கும். பால், மோர், கீரை, முள்ளோடு தின்னும் சிறு மீன்கள் மீதியைத் தரும். நின்ற முதல் சில ஆண்டுகளில்தான் எலும்பு வேகமாகத் தேய்கிறது.

அந்த வெக்கைக்கு வருகிறேன். மூளையில் உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் சிறு மாற்றத்துக்கே பதறி, ரத்தக் குழாய்களை விரித்து வியர்க்க வைக்கிறது. மாரடைப்போ என்று பயந்து இரவில் எங்களிடம் ஓடிவந்தவர்கள் உண்டு. பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். காரம், சூடான காபி, இறுக்கமான உடை இவை பலருக்கு அதைத் தூண்டும். தூக்கம் கெடும் அளவுக்கு இருந்தால் மருத்துவம் இருக்கிறது. குறைந்துபோன ஹார்மோனை மருந்தாகக் கொடுப்பது ஹார்மோன் சிகிச்சை. அதைப் பற்றி அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வை 2002-இல் இடையில் நிறுத்தியதிலிருந்து, அந்தச் சிகிச்சை என்றாலே மார்பகப் புற்றுநோய் என்று எல்லோரும் அஞ்சினார்கள். பிறகு வந்த மறு ஆய்வுகளின்படி, 60 வயதுக்குள், நின்று பத்தாண்டுக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண்கள் பலருக்கு நன்மையே மிகுதி. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம், கல்லீரல் நோய் வந்தவர்களுக்கு அது ஆகாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகள் உண்டு. மகப்பேறு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள்.

முடி உதிர்வு, சோர்வு, எடை மூன்றும் சேர்ந்திருப்பதால் தைராய்டையும் ரத்த அளவையும் ஒருமுறை பாருங்கள். எல்லாவற்றையும் வயதின் தலையில் கட்டிவிட்டால் மருந்தில் சரியாகக்கூடியது ஒன்று தப்பிப் போய்விடும். ரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம், கருப்பைவாய்ப் பரிசோதனைகள் ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே இலவசம். 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு, அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து வீட்டுக்கே வருகிறது.

வாயால் கேட்கத் தயங்கும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். பிறப்புறுப்பு வறண்டு எரிவது, கணவரோடு சேரும்போது வலிப்பது, அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருவது, தும்மினால் சிறுநீர் கசிவது இவையும் இதே மாற்றத்தின் பகுதிதான். இவற்றுக்கும் மருத்துவம் உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதைச் சமாதானம் என்று சொல்லாதீர்கள்.

ஓலைக்கொட்டான்

நான் பனையோலையில் கொட்டான் என்ற கூடை பின்னுகிறவள். சாயம் ஏற்றிய ஓலையை நனைத்து மெல்லிசாக வார்ந்து, ஒன்றின் அடியில் ஒன்றாகச் செருகி வர வேண்டும். எனக்குப் பிடித்தது சின்னச் சின்னக் கட்டமாக வரும் பின்னல். நாற்பத்து மூன்று, நான்கு வயதில் அந்தக் கட்டம் கலங்க ஆரம்பித்தது. கையை நீட்டிப் பிடித்துப் பின்னினேன். நீட்டிய கையோடு எவ்வளவு நேரம் பின்ன முடியும்? வெள்ளெழுத்து என்று கண் மருத்துவர் சொன்னார். கண்ணுக்குள் இருக்கும் வில்லை நாற்பதுக்கு மேல் கெட்டியாகி வளையும் தன்மையை இழக்கிறதாம், எல்லோருக்கும் வருவதாம். கண்ணாடி போட்ட அன்று ஓலையின் நரம்பு நரம்பாகத் தெரிந்தது. கண் விஷயத்தில் எனக்குச் சமாதானம் அன்றைக்கே வந்துவிட்டது.

விரல் விஷயத்தில் வரவில்லை. காலையில் கட்டைவிரல் மடங்க மறுக்கிறது. வெந்நீரில் கையை வைத்து, மெதுவாக மடக்கி நீட்டிய பிறகுதான் ஓலையைத் தொடுகிறேன். நெருக்கமான பின்னலைக் குறைத்துக்கொண்டு, பெரிய கட்டம் போட்டு வாய் அகன்ற கூடைகள் பின்னுகிறேன். அவையும் விற்கின்றன. ஆனாலும் என் கையில் இருந்த ஒரு வித்தை என்னை விட்டுப் போகிறது என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. அந்த வருத்தம் வேண்டாம் என்று யாரும் சொல்ல வேண்டாம். இளம்பிள்ளைகள் சிலருக்கு அந்தப் பின்னலைச் சொல்லித் தருகிறேன், அவர்கள் விரல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தேவகோட்டைச் செவிலி

ஓலைக்கொட்டான், காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, விரல் கணுக்கள் வீங்கிச் சூடாக இருந்தாலோ முடக்குவாதமா என்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது தேய்மானத்திலிருந்து வேறுபட்டது. சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம்.

ஆத்தங்குடிக்காரன்

பெண்கள் பேசும் இடத்தில் எழுதலாமா என்று யோசித்தேன். ஆண்களுக்கு இதைப் பேச இடமே இல்லை, அதனால் எழுதுகிறேன்.

தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறையில் வேலை. கண்ணாடித் தட்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கி, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே சாந்தை வைத்து அழுத்துவோம். அச்சைத் தூக்கும்போது கை நடுங்கினால் பூ கலைந்துவிடும். பிறகு கல்லைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து எடுக்க வேண்டும். எல்லாம் குனிந்து செய்கிற வேலை, தூக்குகிற வேலை. இளவயதில் ஒரு அடுக்கை மூச்சுவிடாமல் தூக்கியவன் நான். இப்போது 51. தோள் மெலிந்துவிட்டது, வயிறு வந்துவிட்டது. பக்கத்தில் இருபத்தைந்து வயதுப் பையன் "நகருங்கண்ணே" என்று அடுக்கை வாங்கிக்கொள்கிறபோது முதலில் கோபம் வந்தது. ஒருநாள் அவனிடமிருந்து பிடுங்கித் தூக்கி, இடுப்புப் பிடித்து வாரக்கணக்கில் படுத்தேன்.

ஆண்களுக்கு ஒரேயடியாக எதுவும் நிற்பதில்லை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் என்று மெல்லக் குறைகிறது என்றார் மருத்துவர். மெல்ல நடப்பதால் நாங்கள் ஒத்துக்கொள்வதே இல்லை. இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்ததையும் நெடுநாள் மறைத்தேன். மனைவிதான் இழுத்துக்கொண்டு போனார். ஐம்பதுக்கு மேல் பலருக்கும் வரும் புராஸ்டேட் சுரப்பி வீக்கம். மாத்திரையில் குறைந்திருக்கிறது.

இப்போது தூக்கும் வேலை பையனுக்கு, அச்சு வேலை எனக்கு. கூலியில் குறைவில்லை.

நடைப்பயணி, குன்றக்குடி

செவிலி அம்மா எழுதியதைப் படித்தேன். நான் அஞ்சுவது கவனிக்காமல் விடுவதைத்தான், வயதாவதை அல்ல. நடையோடு இன்னொன்றையும் சொல்கிறேன். வாரத்துக்கு 150 நிமிட வேக நடை போதும் என்று பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதில் வாரம் இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி வேண்டும் என்பதும் இருக்கிறது. ஜிம்மெல்லாம் வேண்டியதில்லை அக்கா. நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். பத்து முறை. மறுபடி பத்து. தொடைத் தசை வலுத்தால் உங்கள் மாடிப்படி உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். முழங்கால் வலித்தால் உயரமான நாற்காலியில் தொடங்குங்கள்.

தையல்கடை, காரைக்குடி

கண்டாங்கி ஆச்சி, நான் ரவிக்கை தைக்கிறவள். அளவெடுக்க நாடாவைச் சுற்றியவுடன் நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். வயிற்றையும் எக்கிக்கொள்கிறார்கள். நான் நாடாவைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, மகள் எப்படியிருக்கிறாள், பேரன் என்ன படிக்கிறான் என்று பேச்சுக் கொடுப்பேன். பேசும்போது மூச்சு தானாக வெளியே வந்துவிடும். அப்போதுதான் எண்ணைக் குறிப்பேன். எக்கிய அளவில் தைத்த ரவிக்கையோடு பந்தியில் உட்கார முடியுமா?

அளவு ரவிக்கை என்று பத்து வருடத்துக்கு முந்தையதைக் கொண்டுவந்து, "இதே அளவில் தைத்துவிடு, நான் இளைத்துவிடுவேன்" என்பார்கள். அந்தப் பட்டு ரவிக்கை அலமாரியில் கிடக்கும், அவர்கள் விசேஷத்துக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள். கல்யாணம் வருகிறது என்று எலும்பும் தோலுமாக வந்து நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன், ஆறு மாதத்தில் பிரித்துவிடச் சொல்லித் திரும்ப வந்தார்கள். இருக்கிற உடம்புக்குத் தையுங்கள் ஆச்சி. பக்கத் தையலில் ஒன்றரை அங்குலம் துணி உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், பிரிக்கவும் பிடிக்கவும் அது உதவும். வெக்கை வருகிறவர்களுக்குக் கைக்குழியைக் கொஞ்சம் தாராளமாக வெட்டி, லைனிங்குக்குச் சுத்தமான பருத்தி கொடுப்பேன். பாலியெஸ்டர் லைனிங் வியர்வையை இழுக்காது. சாந்திக்கு வேண்டுமானால் ஓமத்துக்கு ஒன்று, மாற்றிக்கொள்ள ஒன்று என்று அதே துணியில் இரண்டாகத் தைத்துக்கொள்ளலாம். ஒருவருக்கும் தெரியாது.

கண்டாங்கி, காரைக்குடி

எல்லோருடைய பதிவையும் திரும்பத் திரும்பப் படித்தேன். செவிலி அம்மா சொன்னபடி பரிசோதித்ததில் தைராய்டு குறைவாகச் சுரப்பது தெரிந்து மாத்திரை தொடங்கியிருக்கிறேன். சர்க்கரை எல்லையில் நிற்கிறது. இடுப்பு 80-ஐத் தாண்டித்தான் இருக்கிறது, நடைப்பயணித் தம்பி. நாற்காலிப் பயிற்சியும் செய்கிறேன். வயிறு முழுதாகப் போகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டபோது அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. சரியாக வேண்டியது எது, இனி என்னோடு இருக்கப் போவது எது என்று பிரித்துச் சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே பெரிய ஆறுதலாக இருந்தது.

கண்ணாடியைப் பார்க்க இன்னும் பிடிக்கவில்லை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் நாத்தனாரிடம், "எனக்கு உடம்பு மாறுகிற காலம் இது, கஞ்சி வேண்டாம், முட்டையும் சுண்டலும் வேண்டும்" என்று அடுப்படியில் வைத்தே சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் ராத்திரியில் அப்படி வேர்க்கிறது அத்தாச்சி" என்றார். பத்தியம் சொன்னவருக்கே பேச ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது.

பள்ளத்தூர் ஆச்சிக்கு ஒரு கேள்வி. யாராவது "உடம்பு போட்டுவிட்டதே" என்றால் மரியாதை குறையாமல் என்ன சொல்வது?

பள்ளத்தூர் ஆச்சி

"ஆமாம், ஐம்பதைத் தாண்டிவிட்டேன். நீங்கள் சௌக்கியமா? சர்க்கரையெல்லாம் பார்த்துக்கொள்கிறீர்களா?" என்று கேள். பேச்சு தானாகத் திரும்பிவிடும். அதற்கு மேலும் தொடர்ந்தால், "அந்தப் பேச்சு எனக்குச் சங்கடமாக இருக்கிறது" என்று நேராகவே சொல்லிவிடு. பெரியவர்கள் மனம் நோகுமே என்று நாம் விழுங்கி விழுங்கித்தான் இந்தக் கேள்வி மூன்று தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. என் வீட்டில் மருமகள்களின் உடம்பைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று நானே சொல்லிவிட்டேன்.

ஓமத்துக்கு: புரோகிதரிடம் முன்பே சொல்லிவை, நடுவில் எழுந்து காற்றாட நின்றுவிட்டு வர அவர் இடம் கொடுப்பார். பக்கத்தில் பனைவிசிறியோடு ஒரு பெண்ணை உட்கார வை. கழுத்துருவைச் சடங்கு முடிந்ததும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடலாம், நாள் முழுதும் அந்தக் கனத்தைச் சுமக்க வேண்டியதில்லை. நான் என் சாந்தியில் அப்படித்தான் செய்தேன்.

புதுவயல்

முதல் நாளிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதத் தயக்கமாக இருந்தது. எனக்காக இல்லை, அம்மாவுக்காகக் கேட்கிறேன். அம்மாவுக்கு 58. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது மறுபடி கொஞ்சம் ரத்தக்கசிவு இருப்பதைத் துவைக்கிற துணியில் பார்த்தேன். கேட்டால், "சூட்டு உடம்பு, எல்லாம் வயசுதான், திருவிழா முடியட்டும்" என்கிறார். வலி இல்லையாம். காத்திருக்கலாமா?

தேவகோட்டைச் செவிலி

காத்திருக்க வேண்டாம் தங்கச்சி. மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மகப்பேறு மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பலருக்கு வறட்சி, சதை வளர்ச்சி போன்ற சாதாரணக் காரணமாகவே இருக்கும். சிலருக்குக் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் தொடங்குவதற்கு இதுதான் முதல் அடையாளம். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். ஸ்கேன் எடுத்து உட்சுவரின் தடிமனைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் சிறு திசுவை எடுத்துச் சோதிப்பார்கள். கசிவு தொடங்கிய தேதி, அம்மா சாப்பிடும் மாத்திரைகள், சர்க்கரை, ரத்த அழுத்த விவரம் இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பரிசோதனை அறைக்குள் நீங்களும் கூடவே இருக்கலாமா என்று கேளுங்கள், அம்மாவுக்குக் கூச்சம் குறையும்.

புதுவயல்

உங்கள் பதிவை அம்மாவுக்கு முழுதும் படித்துக் காட்டினேன். வறட்சி, எரிச்சல் என்று நீங்கள் முன்பு எழுதியிருந்ததையும் சேர்த்தே படித்தேன். "இதெல்லாம் எழுதுகிறார்களா?" என்று கேட்டார். பிறகு, கசிவு பங்குனியிலிருந்தே இருக்கிறது என்று அவராகவே சொன்னார். தேதியை எழுதிக்கொண்டேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் புறப்படுகிறோம்.